பார்க்கிற ஆளும் துண்டிக்கிற கருவியும்

அந்த வாரத்தில் எங்கள் தறிகள் ஒரு நாளும் நிற்கவில்லை. அதைத்தான் என்னால் பார்க்கப் பொறுக்கவில்லை. ராஜபாளையத்துக்கு வெளியே, சோழபுரம் பக்கம், ஆஸ்பத்திரிகளுக்கான காஸ் துணியும் பேண்டேஜும் செய்கிற இடம் எங்களுடையது. தறியிலிருந்து இறங்கும் துணியை வெளுத்து, வெட்டி, மடித்து, உறையிலிட்டு, வாயு அறைக்குள் வைத்துக் கிருமி நீக்குவார்கள். அந்த வாயு மனிதர்களுக்கு நஞ்சு. கடைசியாக ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். எந்தத் தொகுதி, எப்போது கிருமி நீக்கியது, எதுவரை பயன்படுத்தலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த லேபிளை அடித்துத் தருவது கம்ப்யூட்டர். லேபிள் இல்லாத பொட்டலத்தை எந்த ஆஸ்பத்திரியும் உள்ளே விடாது.

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். 'சிஸ்டம் மேடம்' என்று கூப்பிடுவார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், வெளிநாட்டுக்கு மெயில் போகாவிட்டாலும் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்தபோது ஆபீஸில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் அவரவர் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். எல்லாத் திரையிலும் ஒரே அறிவிப்பு. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் எங்களோடு பேசுங்கள் என்று ஆங்கிலத்தில், மரியாதையான வாசகங்களில் எழுதியிருந்தது. நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். அணைத்து என்ன? ஞாயிறு முழுவதும் ஆளில்லாத கட்டடத்துக்குள் அது தன் வேலையை முடித்திருந்தது.

அன்றிலிருந்து தறி ஓடிக்கொண்டே இருந்தது, துணி வந்துகொண்டே இருந்தது, வெளியே மட்டும் ஒன்றும் போகவில்லை. பொட்டலங்கள் கோடவுனை நிறைத்துவிட்டு நடைபாதைக்கு வந்தன. பேக்கிங் பெண்களுக்கு வேலை இல்லை. காலையில் வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, மத்தியானம் திரும்பிப் போனார்கள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டோர் பொறுப்பாளர் போன் செய்து, ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டுமாவது கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டார். முதலாளி முடியாது என்று சொல்லிப் போனை வைத்தார்.

எங்கிருந்து நுழைந்தது என்பதை இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன். கணக்குப் பிரிவில் மூத்தவரான அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து. எங்கள் சரக்கை ஏற்றும் லாரி ஆபீஸிலிருந்து வந்ததைப் போலவே ஒரு மெயில், அதோடு ஒரு பில். அக்கா அதைத் திறந்திருக்கிறார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் ராணுவத்தில் இருந்தவர், பணியிலேயே இறந்துபோனவர். பிள்ளைகள் இல்லை. சுந்தரபாண்டியத்திலிருந்து வருவார். இந்த நிறுவனத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே இங்கே கணக்கு எழுதியவர். கம்ப்யூட்டர் வந்தபோது பயப்படாமல் கற்றுக்கொண்டவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பாடு கொண்டுவராத நாட்களில் தன் டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளிவிடுவார்.

நான் கண்டுபிடித்ததை முதலாளியின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அங்கே அவருடைய தம்பியும் இருந்தார். உற்பத்தியைக் கவனிப்பவர், நாங்கள் சின்ன முதலாளி என்போம். கெட்டவர் அல்லர். அந்த நாட்களில் லாரிக்காரர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அவர்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் கணக்குப் பிரிவுக்கு வந்தவர், அக்காவின் மேசைமுன் நின்று, ஜன்னல் வழியாகத் தெரிந்த வேப்பமரத்தைக் காட்டினார்.

"ஒரு விரலு அமுக்குனதுக்கு எம்புட்டுப் பேரு வெளிய உக்காந்திருக்காங்க, பாத்துக்கோங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அக்கா எழுந்து நின்றார். மற்றவர்கள் குனிந்து காகித பில்களைப் புரட்டினார்கள்.

கோடவுன் அலமாரியில் தனியாக வைத்திருந்த பேக்கப் தப்பியிருந்தது. அது சில வாரம் பழையது. விட்டுப்போனதையெல்லாம் காகித பில்களைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். அக்காவும் உட்கார்ந்து ஏற்றினார். எல்லாம் ஏறி முடிந்து, முதல் லாரி கிளம்பிய மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிறகு யாரும் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இது இனி நடக்கக்கூடாது, என்ன செய்யலாம் என்று முதலாளி என்னிடம் கேட்டார். விசாரித்ததில் இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்று, சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனம். அங்கே ஆட்கள் முறைவைத்து உட்கார்ந்து எங்கள் கம்ப்யூட்டர்களில் நடப்பதை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தப்பாக ஏதாவது தெரிந்தால் எங்களைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். இன்னொன்று ஒரு மென்பொருள். அது யாரையும் கூப்பிடாது. சந்தேகம் வந்த கணத்தில் அந்தக் கம்ப்யூட்டரை மற்றவற்றிலிருந்து துண்டித்துவிட்டு, பாஸ்வேர்டைப் பூட்டிவிட்டு, என்ன செய்தது என்று அறிக்கை மட்டும் அனுப்பும்.

சின்ன முதலாளிக்கு மென்பொருள்தான் பிடித்தது. ஆளை நம்பிப் பட்டது போதும் என்றார். எனக்கும் அப்போது அதில்தான் மனம் சாய்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அது இருந்திருந்தால் ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு போயிருக்கும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொஞ்சகாலம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடு என்று முதலாளி சொன்னார்.

முதலில் மென்பொருளை நிறுவினோம். சில வாரம் அமைதியாகப் போனது. யாரோ செருகிய பழைய பென் டிரைவ் ஒன்றைப் பிடித்துத் தடுத்தது. சின்ன முதலாளி அந்த அறிக்கையை அச்செடுக்கச் சொல்லி வாங்கிப்போனார்.

பிறகு ஒரு நாள் முற்பகல், வாயு அறைப் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. நான் அங்கே போவதற்குள் பேக்கிங் பெண்கள் எல்லோரும் வெளியே வந்து மதிலோரம் வெயிலில் நின்றிருந்தார்கள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிறைமாதம். பக்கத்திலிருந்த பெண் அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வாயு அறை ஆபரேட்டர் கடைசி ஆளாக வெளியே வந்து கதவை மூடினார். அவருக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது.

நடந்தது இதுதான். கிருமி நீக்கும் இயந்திரத்தைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர், வழக்கம்போல வெளியூரிலிருந்து இணையம் வழியாக உள்ளே வந்து ஏதோ சரிபார்த்திருக்கிறார். மென்பொருளுக்கு அவர் யாரென்று தெரியாது. வெளியிலிருந்து யாரோ நுழைகிறார்கள் என்று அந்த இயந்திரத்தின் கம்ப்யூட்டரைத் துண்டித்துவிட்டது. உள்ளே வாயு நிரம்பியிருந்த நேரம். ஆபரேட்டரின் திரை செத்துவிட்டது. வாயு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அவர் அதைச் செய்தார்.

இயந்திரம் தன்னுடைய உள்கட்டுப்பாட்டின்படி பத்திரமாகவே சுழற்சியை முடித்துக்கொண்டது. வாயு கசியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதிவு இல்லாததால் அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் சேதம். ஆனால் அது எங்களுக்குத் தெரியவரும்வரை, அந்த வெயிலில், அந்தப் பெண்களின் முகங்களை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆபீஸுக்குத் திரும்பி அறிக்கையைத் திறந்தேன். ஊடுருவல் தடுக்கப்பட்டது, நடவடிக்கை வெற்றி என்று பச்சை நிறத்தில் இருந்தது. அது பொய்யும் இல்லை. அதற்குத் தெரிந்த அளவில் அது சரியாகத்தான் செய்திருந்தது. அதற்குத் தெரிந்ததில் அந்தப் பெண்கள் இல்லை.

சின்ன முதலாளி அன்று மாலைவரை பெண்களோடு மதிலருகிலேயே இருந்தார். நிறைமாதக்காரியைத் தன் காரில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். அறிக்கையை அவர் கேட்கவில்லை.

அடுத்து சென்னை ஆட்களின் முறை. அவர்கள் போனில் நன்றாகப் பேசினார்கள். இந்த நேரத்தில் இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து இவ்வளவு கோப்புகள் போகின்றன, இது உங்கள் வழக்கமா என்று கேட்பார்கள். ஆமாம், மாதக் கடைசி, வரிக் கணக்கு அனுப்புகிறார்கள் என்பேன். குறித்துக்கொள்வார்கள். மறுமாதம் அதைக் கேட்க மாட்டார்கள். எங்கள் இடம் எப்படி மூச்சுவிடுகிறது என்பது மெல்ல மெல்ல அவர்களுக்குப் பிடிபட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆடிப்பூரம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் அன்று யாரும் வேலைக்குப் போவதில்லை, நானும் லீவு. அம்மாவை அழைத்துக்கொண்டு ரத வீதியில் நின்றிருந்தேன். தேர் அசைந்து வரும்போது கோஷமும் மேளமும் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அந்தக் கூட்டத்தில் போனுக்கு சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அம்மாவை ஒரு கடை நிழலில் உட்காரவைத்துவிட்டுப் பையைத் திறந்து பார்த்தால் சென்னை எண்ணிலிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள்.

கொள்முதல் பிரிவில் ஒருவருடைய மெயில் பாஸ்வேர்டை யாரோ திருடி, அவர் பெயரில் எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு மெயில் அனுப்பியிருந்தார்கள். இனிமேல் புது வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்று. சென்னை ஆட்கள் அது தொடங்கியபோதே பார்த்துவிட்டார்கள். என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிறகு சின்ன முதலாளியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் தறிக் கூடத்துக்குள் இருந்தார். அங்கேயும் போன் சத்தம் கேட்காது. ஒப்பந்தப்படி, எங்கள் அனுமதி இல்லாமல் அவர்கள் எதையும் தொடக்கூடாது. அதனால் தொடவில்லை.

கடையின் பின்பக்கம் போய் நின்று பேசினேன். மறுமுனையில் ஒரு பையன், குரலில் உண்மையான வருத்தம்.

"நாங்க பாத்துக்கிட்டேதான் இருந்தோம், மேடம்."

அந்த வாக்கியம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. அவன் தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள் திருடன் போவதைத் தெருவிலிருந்து பார்த்துக்கொண்டு, கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனவன் சொல்வதுபோல இருந்தது. அந்த வாடிக்கையாளர் சந்தேகப்பட்டு முதலாளியை நேரடியாகக் கூப்பிட்டுக் கேட்டதால் தப்பினோம். அதில் எங்கள் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

மறுநாள் சின்ன முதலாளி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். கண்ணு முன்னால நடக்கறதப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு எதுக்கும்மா ஆளு?

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். இந்த விஷயத்துக்காகப் போகவில்லை. வேலையை விடுவதாக அவர் அனுப்பியிருந்த தகவலை முதலாளி ஏற்க மனமில்லாமல் வைத்திருந்தார், நீ போய்ப் பேசிப் பார் என்றிருந்தார். சுந்தரபாண்டியத்தில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் நெல்வயல் தொடங்கிவிடும். அக்கா மெலிந்திருந்தார், மாடத்தில் மாத்திரை அட்டைகள் இருந்தன. என்னைக் கண்டதும் காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தார். ஆபீஸில் யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். நிறைமாதக்காரிக்கு ஆண்குழந்தை என்றேன். சந்தோஷப்பட்டார். அந்த வாயு அறை நாளைப் பற்றி, தேர் நாளைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், நான் நிறுத்தியதும் வயல் பக்கம் பார்த்தபடி மெதுவாகப் பேசினார்.

"அன்னைக்கு அந்த பில்லப் பாத்தப்பமே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுட்டி. லாரி ஆபீஸ்காரவிய சனிக்கெழம பில்லு அனுப்ப மாட்டாவ. செத்த நேரம் தொறக்காமத்தான் வச்சிருந்தேன்."

பிறகு ஏன் திறந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கேக்க ஆளில்ல. நீ அந்தப் பக்கத்து யூனிட்டுக்குப் போயிருந்த. பெரியவிய வெளியூரு. சின்னவியகிட்டப் போயி, எனக்கு ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னா, என்ன நெனப்பாவ? பொறவு, லாரிக்காரன் காத்துக் கெடக்கானேன்னு தொறந்துட்டேன்."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அந்த மெயிலை நான் எத்தனையோ முறை ஆராய்ந்திருக்கிறேன். எந்த நாட்டிலிருந்து வந்தது, எப்படி வேலை செய்தது, எங்கே பரவியது என்றெல்லாம் எழுதி முதலாளியிடம் கொடுத்திருக்கிறேன். அதைத் திறந்தவர் திறப்பதற்கு முன்னால் தயங்கினாரா என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. யாருக்குமே தோன்றவில்லை. எல்லா இயந்திரத்துக்கும் முன்னால் சந்தேகப்பட்டவர் அவர்தான். அந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொண்டு போக இடமில்லாமல் அவர் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

வேலைக்குத் திரும்பும் பேச்சை எடுத்தேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். வாசல்வரை வந்து, வாழைக்காய் கொஞ்சம் பையில் போட்டுக் கொடுத்தார்.

முடிவைச் சொல்ல முதலாளியின் அறையில் கூடினோம். சென்னை ஆட்களையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இப்போதிருக்கும் ஒப்பந்தப்படி அல்ல என்றேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தப்புத் தெரிந்தால் எங்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் துண்டிக்கட்டும், பிறகு சொல்லட்டும். நிரபராதியான ஒரு கம்ப்யூட்டர் அரைநாள் நின்றுபோனால் போகட்டும். வாயு அறைப் பக்கம் மட்டும் ஆபரேட்டரிடம் பேசாமல் யாரும் கைவைக்கக் கூடாது. அங்கே அவர் சொல்வதுதான் முடிவு. கடைசியாக, அந்தச் சென்னை எண் எல்லா மேசையிலும் இருக்க வேண்டும். பேக்கிங்கில் லேபிள் அடிக்கும் பெண்ணாக இருந்தாலும், சந்தேகம் வந்தால் என்னையோ முதலாளியையோ கேட்காமல் நேரே கூப்பிட்டுத் தமிழில் கேட்கலாம். யார் கேட்டார்கள் என்று அவர்கள் எங்களுக்குச் சொல்லக் கூடாது.

சென்னையிலிருந்து வந்திருந்தவர் முதல் இரண்டையும் உடனே ஒத்துக்கொண்டார். மூன்றாவதற்குத் தயங்கினார். பெயர் கொடுத்த இரண்டு மூன்று பேரோடு மட்டும்தான் பேசுவது எங்கள் நடைமுறை, எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தால் தாங்காது என்றார். மென்பொருளை ஏன் விட வேண்டும் என்று முதலாளி கேட்டார். அது தப்பு நடந்த பிறகு வேகமாக இருக்கிறது, நடப்பதற்கு முன்னால் அதனிடம் ஒருத்தர் ஒன்று கேட்க முடியாது என்று சொன்னேன். அக்கா சொன்னதையும் சொன்னேன். சொல்லலாமா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தேன். சின்ன முதலாளியைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

அவர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். சென்னைக்காரர் பக்கம் திரும்பி, "மூணாவது இல்லைன்னா எங்களுக்கு எதுவும் வேண்டாம்" என்றார். அண்ணனைக் கேட்கக்கூட இல்லை. கொஞ்சநேரப் பேச்சுக்குப் பிறகு வந்தவர் ஒத்துக்கொண்டார்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை ஏற்றுமதிப் பிரிவின் கம்ப்யூட்டரைக் காரணமில்லாமல் துண்டித்துவிட்டார்கள், கப்பலுக்குப் போக வேண்டிய காகிதங்கள் தாமதமாகி எல்லோரிடமும் திட்டு வாங்கினேன். வாயு அறை ஆபரேட்டர் லீவு போட்டால் மாற்று ஆளுக்கு இன்னும் பயிற்சி போதவில்லை. அந்த எண்ணுக்கு யார் யார் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஒப்பந்தம் கையெழுத்தான சில நாட்களில் சின்ன முதலாளி காரை எடுத்துக்கொண்டு தனியாக எங்கோ போனார். எங்கே என்று அவரும் சொல்லவில்லை. அன்று மாலை அக்காவே போனில் கூப்பிட்டார்.

"சின்னவிய வந்தாவ. அன்னைக்குப் பேசுனது தப்புன்னு சொன்னாவ. வேலைக்கு வாங்கன்னு கூப்பிட்டாவ."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். வரவில்லை என்று சொன்னாராம். அவர் காபி குடித்துவிட்டுப் போனாராம்.

"கோவமெல்லாம் இல்லட்டி. அந்த மெசின் முன்னால உக்காந்தா இனி எனக்குக் கை வரமாட்டேங்கு."

மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். அந்த மாதக் கடைசியில் முதலாளி அவருடைய விலகலை ஏற்றுக்கொண்டார். கணக்குப் பிரிவுக்குச் சிவகாசியிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நல்ல பெண், கெட்டிக்காரி. முதல் நாள் அவளுக்கு எந்த மேசை என்று கேட்டபோது, ஜன்னலோரம் இருந்த அந்த மேசையை நான்தான் துடைத்துக் கொடுத்தேன்.